மெக்சிகோ கால்பந்து அணியின் கோலி (கோல்கீப்பர்) ஹோர்ஹே காம்போஸ் ஆடி நீங்கள் பார்த்ததில் இன்னும் மனதை அரிக்கும் ஆட்டம் எது?

கண்விழித்தான்:
1994 உலகக் கோப்பை, பல்கேரியா மேட்ச். நம்மூரில் நள்ளிரவு தாண்டி 2 மணி. பல்கேரியாவின் ஸ்டோய்ச்கோவ் கோல், மெக்சிகோவின் கார்சியா ஆஸ்பே பெனால்டி, 1-1, அதெல்லாம் தெரிந்த கதை. நடுவில் மெக்சிகோவின் பெர்னால் வலைக்குள் போய் விழுந்து கோல்போஸ்ட்டே உடைந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வேறொன்றைத் தூக்கி வந்து நட்டார்கள். அப்புறம் பெனால்டி ஷூட்-அவுட். ஆஸ்பே முதல் பந்தையே வானத்துக்கு அனுப்பினார். அடுத்து வந்த பல்கேரியாவின் பலாக்கோவின் அடியை, அந்தக் கண்ணைப் பறிக்கும் சட்டையோடு பாய்ந்து காம்போஸ் தடுத்துவிட்டார். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், கத்தவும் முடியவில்லை. அதற்கப்புறம் நம்ம மெக்சிகோ ஆட்கள் இன்னும் இரண்டைக் கோட்டைவிட்டார்கள். 3-1. கோலி தன் வேலையைச் செய்தும் தோற்றால் என்ன செய்வது? நட்சத்திர ஃபார்வர்டு ஹூகோ சான்செஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கோச் மெஹீயா பரோன் கடைசிவரை மாற்று ஆட்டக்காரர் ஒருவரைக்கூட இறக்கவில்லை. இன்றுவரை வயிறு எரிகிறது.

பசடேனாவாசி:
நான் நேரில் பார்த்தவன். 1996 ஏப்ரல், பசடேனாவின் ரோஸ் பவுல் மைதானம், காம்போஸ் ஆடிய அமெரிக்க கிளப் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸியின் முதல் ஆட்டம். கூட்டம் 69,255. பாதிப் பேர் கேலக்ஸிக்காக வந்ததாகத் தெரியவில்லை, காம்போஸுக்காகத்தான் வந்திருந்தார்கள். அவர் பந்தைக் கையில் எடுக்காமல் காலிலேயே வைத்துக்கொண்டு, ஃபார்வர்டு கிட்டே வரும்வரை நின்றார். எனக்கு முன்வரிசையில் இருந்த தாத்தா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்! ஆட்டத்தில் ஜெயித்தோம். ஆனாலும் கோலிக்கு இவ்வளவு படம் காட்டல் தேவையா?

சின்னகோலி:
படம் காட்டலா? அண்ணே, அந்த ஆள் மெக்சிகோ கிளப் புமாஸில் ஃபார்வர்டாகவே ஒரு சீசன் ஆடியவர். அடோல்ஃபோ ரீயோஸ் கோலியாக நின்றதால் இவருக்கு இடமில்லை. 'அப்போ முன்னால் விடுங்கள்' என்று போய் 14 கோல் அடித்தார். அடுத்த சீசனில் கோலியாக நின்று சாம்பியன். காலில் பந்து நிற்பது அவருக்குப் பிழைப்பு.
என் அனுபவம் சின்னதுதான்: நானும் குள்ளம், பள்ளி டீமில் கோலி. உங்கள் பிள்ளைகள் யாராவது குள்ளமாக இருந்து கோலியாக ஆசைப்பட்டால் கேளுங்கள். கோட்டிலேயே நிற்க விடாதீர்கள். இரண்டு மூன்று எட்டு முன்னால் வந்து நின்றால் அடிப்பவனுக்குக் கோல் சுருங்கிவிடும். ஆனால் தலைக்கு மேல் தூக்கிப் போட்டால் ஓடித் திரும்பத் தெரிய வேண்டும், அதனால் பின்னோக்கி ஓடுவதைத் தினமும் பழக்குங்கள். கார்னரில் பின்போஸ்ட்டை ஒட்டி நில், முன்னால் வருவது சுலபம். கிராஸ் வந்தால் பிடிக்கப் போகாதே, குத்திவிடு. அப்புறம் கால் வேலை...

கண்விழித்தான்:
தம்பி, கோச்சிங் யார் கேட்டா?

மோன்பெலியே98:
கிராஸ் என்றதும் 1998 உலகக் கோப்பையில் மோன்பெலியேயில் நடந்த ஜெர்மனி மேட்ச்தான். நம்ம ஹெர்னாண்டஸ் கோல் போட்டு முன்னிலை, ஜெர்மனியின் க்ளின்ஸ்மன் சமன் செய்தார், 86-வது நிமிடம் பியர்ஹாஃப் தலையால் முட்டினார். காம்போஸ் எம்பியும் எட்டவில்லை. இதற்கு என்ன பயிற்சி, சின்னகோலி?