ஸ்டாண்டிங் டெஸ்க்: மேல ஏறுறது இருக்கட்டும், கீழ எவ்ளோ எறங்குது?

காட்பாடிக்காரன்:
நின்னுக்கினும் உக்காந்துக்கினும் வேல பாக்கறதுக்கு ஏத்தி எறக்கற மேச வாங்கறதப் பத்தி நேத்து நம்ம குரூப்ல ஒருத்தர் "ரெண்டு மோட்டார் இருக்கணும், 120 சென்டிமீட்டர் ஏறணும், மத்தது எதையும் பாக்கத் தேவையில்ல"ன்னு போட்டாரு, அதுக்கு அத்தன பேர் லைக் வேற. படிச்சதுல இருந்து எரிச்சலா இருக்கு. நம்ம வேலூர்ல எத்தன பேர் ஆறடி இருக்கீங்க? ரெண்டடுக்கு கால், அதாவது ஒண்ணுக்குள்ள ஒண்ணு நொழையற ரெண்டு குழா வெச்ச டெஸ்க்ல நெறைய 70, 72 சென்டிமீட்டருக்கு கீழ எறங்காது, அது மேல பலகை ரெண்டரை சென்டிமீட்டர், ஆக 75க்கு வந்துடுது. எங்க ஊட்ல அஞ்சடி ரெண்டங்குலம், கால் தரையில படற மாதிரி உக்காந்தா முழங்கை 63 கிட்டதான் நிக்குது. நாள் பூரா தோள தூக்கிக்கினு டைப் பண்ணா கழுத்து இன்னாத்துக்கு ஆவும்? மூணடுக்கு கால் பாருங்க, அது 60 சொச்சம் வரைக்கும் எறங்கும்.

பாலாத்தங்கரை:
அந்த ஒருத்தர் நான்தான், நேராவே பேசலாமே. ஒத்த மோட்டார்னா ஒரு கம்பி வழியா அடுத்த கால ஓட்டணும், ரெண்டு மானிட்டர் வெச்சவனுக்குதான் அது திணறுற கஷ்டம் தெரியும். கீழ எறங்கலன்னா சேர ஏத்துங்க, காலுக்கு ஒரு முக்காலி போடுங்க. நிக்கறதுக்கு வாங்கற டெஸ்க்ல உக்கார்ற அளவு எதுக்குங்க?

காட்பாடிக்காரன்:
அவ்ளோ துட்டு கொட்டிட்டு முக்காலி தேடணுமா? நாள் பூரா யாரு நிக்கப் போறா? 2015ல பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்ல வந்த பரிந்துரையே வேலை நேரத்துல ரெண்டு மணி நேரம் நிக்கறது, லேசா நடக்கறதுன்னு ஆரம்பிச்சு மெதுவா நாலு மணி நேரத்துக்கு போங்கன்னுதான். மிச்ச நேரம் உக்காந்துதான் ஆவணும். அப்ப அந்த 75 இடிக்குமா இடிக்காதா, அத மட்டும் சொல்லுங்க.

ஆம்பூர்_பொண்ணு:
ரெண்டு பேரும் டேப்ப புடிச்சிக்கினு சண்ட போடுங்க. துணிக்கடையில காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நின்ன அக்காங்க கால பாத்திருக்கீங்களா, நரம்பு பச்சையா சுருண்டு கீது. கடையில வேல செய்யறவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு 2021ல சட்டசபையில சட்டத்தையே திருத்த வேண்டியதா போச்சு. 2024ல சிட்னி யுனிவர்சிட்டி ஆளுங்க பிரிட்டன்ல 83,000 பேருக்கு மேல டேட்டா பாத்தாங்க, சொம்மா நிக்கறதால ஹார்ட்டுக்கு லாபம் இல்ல, ரெண்டு மணி நேரத்துக்கு மேல நின்னா வெரிக்கோஸ் மாதிரி ரத்தக்குழாய் பிரச்சனை கூடுதுன்னாங்க. நடங்க, அது போதும்.

பாலாத்தங்கரை:
ஆம்பூர் இப்ப திருப்பத்தூர் மாவட்டம்மா. 2019லயே பிரிச்சாச்சு. இது வேலூர் குரூப்.

ஆம்பூர்_பொண்ணு:
மாவட்டம் பிரிஞ்சா கால்வலியும் பிரிஞ்சிடுமாண்ணா? பதில் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க.

வாலாஜா_நைனா:
அப்ப நாங்க ராணிப்பேட்ட மாவட்டம், நாங்களும் கெளம்பணுமா? வட ஆற்காடுன்னு ஒண்ணா இருந்த ஜனங்கப்பா நாம. நான் கேக்கறது வேற, மே மாசத்துல கரண்ட் போனா உங்க மோட்டார் டெஸ்க் மேலயே நின்னுக்கும், அப்ப இன்னா பண்ணுவீங்க? கையால சுத்தற டெஸ்க்கே நல்லது. கால் மட்டும் தனியா வாங்கி நம்ம ஆசாரிகிட்ட 18 மில்லி ப்ளைவுட்ல பலகை போட்டா செலவும் கம்மி.

பாலாத்தங்கரை:
இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுலயா வேல பாக்கறீங்க?

காட்பாடிக்காரன்:
நைனா சொன்ன 18 மில்லியில ஏழு மில்லி கொறையும், ஆனா கால் 72ல நின்னா 73.8தான், முழங்கைக்கு இன்னும் பத்து சென்டிமீட்டர் மேல. திரும்ப திரும்ப அதான் கேக்கறேன், யாரும் பதில் சொல்ல மாட்டேங்கறீங்க. சேர ஏத்துன்னா கால் தொங்குது, தொங்குனா தொடைக்கு கீழ அழுத்தி மரத்துப் போவுது. ஒடம்புக்கு நல்லதுன்னுதானே வாங்கறோம்? கட்டையா இருக்கறவங்க, பொம்பளைங்க, காலேஜ் புள்ளைங்க எல்லாம் உங்க லிஸ்ட்ல இல்லவே இல்லையா? ஏற்கனவே யூ.பி.எஸ். விஷயத்துலயும் இப்டிதான், உங்க வீட்டுக்கு செட்டானத ஊருக்கே சொன்னீங்க.

பாலாத்தங்கரை:
யூ.பி.எஸ். பேச்சு இப்ப எதுக்கு? அன்னிக்கு பதில் சொல்ல முடியாம ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். நிக்கும்போது ஆடாம இருக்கணும், ரெண்டு மோட்டார் இருக்கணும். அவ்ளோதான்.

காட்பாடிக்காரன்:
ஆடறதுக்கும் மோட்டாருக்கும் இன்னாங்க சம்பந்தம்? அது காலோட கனம், அடிச்சட்டம், எவ்ளோ ஒசரத்துல நிக்குதுன்றத பொறுத்தது. அதுவும் தெரியாம இத்தன பேருக்கு அட்வைஸ் பண்றீங்க. சரி, உங்க டெஸ்க்க முழுசா எறக்கி தரையில இருந்து பலகை மேல்பக்கம் வரைக்கும் அளந்து போட்டோ போடுங்க.

பாலாத்தங்கரை:
எனக்கு வேற வேல இருக்கு.

வாலாஜா_நைனா:
கரண்ட்டுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

காட்பாடிக்காரன்:
போட்டோ வரட்டும் நைனா, அப்பறம் கரண்ட்ட பேசலாம். பாலாத்தங்கரை தம்பி, நம்பர் சொல்லுங்க, 70ஆ 72ஆ?