[கலைச்சொல்] எபிரேய மறையின் ‘அம்’, ‘கோய்’: தமிழில் எப்படிப் பிரிப்பது?

வளர்மதி எழுதியது:

அன்பு நண்பர்களே, வணக்கம்.

முதுகலை அரசறிவியல் பாடநூல் ஒன்றில், எபிரேய மறைநூலின் (யூதரின் மறைநூல், கிறித்தவருக்குப் பழைய ஏற்பாடு) அரசியல் சிந்தனை பற்றிய இயலை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடவுளுக்கும் மக்களுக்கும் இடையிலான ‘பெரீத்’துக்கு உடன்படிக்கை என்ற சொல் நிலைத்துவிட்டது. ‘அம்’, ‘கோய்’ என்னும் இரண்டுதான் தடுக்கின்றன. இரண்டும் மக்கள் கூட்டத்தைக் குறிப்பவை. ஆனால் இயலின் வாதமே அவற்றின் வேறுபாட்டில் நிற்கிறது. ‘அம்’ உறவுச் சொல். ‘அம்மி’, அதாவது ‘என் மக்கள்’ என்று கடவுள் அழைப்பது ஏராளம். ‘கோய்’ நிலமும் ஆட்சியும் சேர்ந்த அமைப்பு. ‘என் கோய்’ என்ற வழக்கு மிக அரிது. இஸ்ரவேலரின் முன்னோனான ஆபிரகாமுக்குக் கடவுள் வாக்களிப்பது ‘கோய் காதோல்’. பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் அது ‘பெரிய ஜாதி’. பொது மொழிபெயர்ப்பில் ‘பெரிய இனம்’. ஜாதி என்றதும் இன்றைய மாணவர் மனத்தில் எது எழும் என்பது நமக்குத் தெரியும். உதவுங்கள்.

அருளப்பன் எழுதியது:

அன்பு மகளே, ‘அம்’முக்கு மக்கள் என்றே வையுங்கள். இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆபிரகாம் இறந்தபோது அவன் தன் ‘அம்’மோடு சேர்க்கப்பட்டான் என்கிறது மறையின் முதல் நூலான ஆதியாகமம், அங்கே அது முன்னோர், உறவினர். தமிழிலும் மக்கள் என்றால் முதலில் பிள்ளைகள்: ‘தம்மின்தம் மக்கள் அறிவுடைமை’. கன்னடத்தில் இன்றும் மக்களு என்றால் குழந்தைகள்தாம், மலையாளத்திலும் அப்படியே. மக, மகவு, மகன், மகள், மக்கள் என்று ஒரே கொடியில் பூத்தவை. மறைநூல் இஸ்ரவேலரை அழைக்கும் ‘பெனே யிஸ்ராயேல்’ என்பதும் இஸ்ரவேலின் பிள்ளைகள்தாமே!

‘கோய்’க்குக் குடி. குடில், குடும்பம், குடிமை எல்லாம் ‘கூடு’ என்னும் வேரிலிருந்து வந்தவை என்பது என் துணிபு. கூடி வாழ்வோர் குடி. ‘துடியன் பாணன் பறையன் கடம்பனென்று இந்நான்கல்லது குடியும் இல்லை’ என்று புறநானூறு 335 பாடுகிறது. இவ்வளவு பழைய சொல் கையில் இருக்க, வடசொல் எதற்கு?

தங்கராசு எழுதியது:

ஐயா, மக்களுக்கு என் முழு ஆதரவு. குடியை ஏற்க முடியவில்லை. நீங்கள் காட்டிய பாட்டிலேயே அது ஓர் ஊருக்குள் இருக்கும் பிரிவு. ஜாதி என்ற சொல்லில் உள்ள அதே சிக்கல். குறளிலோ ‘படைகுடி கூழமைச்சு’ என்று அரசனுடைய ஆறு உடைமைகளில் ஒன்றாக வருகிறது. எபிரேய மறையில் நிலைமை நேர்மாறு. ராமா என்னும் ஊருக்கு வந்து இறைவாக்கினர் சாமுவேலிடம் தங்களுக்கு அரசன் வேண்டும் என்று கேட்பவர்கள் இஸ்ரவேலின் மூப்பர்கள்: எல்லாக் ‘கோயீம்’களையும் (‘கோய்’ என்பதன் பன்மை) போல எங்களுக்கும் ஒருவன் வேண்டும். உங்கள் பிள்ளைகளைத் தேருக்கு எடுப்பான், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கேட்பான் என்று அவர் எச்சரித்தும் அவர்கள் விடவில்லை. மறையின் சட்டநூலான உபாகமத்தின் 17-ஆம் அதிகாரம் இன்னும் கண்டிப்பானது. அரசன் குதிரைகளைப் பெருக்கக் கூடாது, வெள்ளியும் பொன்னும் குவிக்கக் கூடாது, சட்டத்தின் படியைத் தனக்கென எழுதி நாள்தோறும் படிக்க வேண்டும். மன்னனே உலகுக்கு உயிர் என்று, ‘மன்னன் உயிர்த்தே மலர்தலை உலகம்’ எனப் புறநானூற்றில் பாடிய மோசிகீரனார் இதைக் கேட்டால் திகைத்துப்போயிருப்பார். எபிரேய மறையில் மன்னன் பிந்தி வந்தவன், மக்கள் முந்தியவர்கள்.

என் பரிந்துரை நாட்டார். சோழர் கல்வெட்டுகளில் நாட்டுச் சபை தன்னையே ‘நாட்டோம்’ என்று தன்மைப் பன்மையில் சொல்லிக்கொள்கிறது. நிலமும் கூட்டு முடிவும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

கனகம் எழுதியது:

தம்பி, நாட்டார் என்றால் என் மாணவர்கள் நாட்டார் பாடலைத்தான் நினைப்பார்கள். கல்வெட்டுப் பொருளை அடிக்குறிப்பில் விளக்கலாம். ஆனால் பக்கத்துக்குப் பத்து முறை வரும் சொல்லுக்கு அடிக்குறிப்பு தாங்காது. யாழ்ப்பாணத்தில் அரசியல் எழுத்தில் தேசம், தேசிய இனம் இரண்டும் வழக்கில் உள்ளன. ஆனால் எதையும் ஆதியாகமம் 10-இல் வைத்துச் சோதிக்க வேண்டும். அங்கே நோவாவின் சந்ததியார் வம்சப்படி, மொழிப்படி, நிலப்படி, ‘கோய்’ப்படி பிரிக்கப்படுகிறார்கள். ‘கோய்’ தேசமானால் முன்னால் வரும் நிலத்தோடு மோதும். தேசிய இனமோ பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவைப் இஸ்ரவேலர் வாழ்ந்த பழைய கானான் நாட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடும்.

இன்னொன்று. எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் வெற்றிக்கல், கி.மு. 1208 அளவினது, 1896-இல் தொல்லியலாளர் பெட்ரி கண்டெடுத்தது. அதில் அஸ்கலோன், கேசேர் என்னும் கானான் நகரங்களின் பெயர்களுக்குப் பக்கத்தில் நிலத்தைக் காட்டும் குறி. இஸ்ரவேலுக்குப் பக்கத்தில் மட்டும் மக்களைக் காட்டும் குறி. எகிப்திய எழுத்தரே இந்தப் பிரிவைச் செய்திருக்கிறார்! அதனால் நிலத்தையும் மக்களையும் சேர்த்து நாட்டினம் என்று வைக்கலாமே.

அருளப்பன் எழுதியது:

இனம் என்றாலே இரத்தம் என்ற எண்ணம் வந்துவிட்டதே, அம்மா. எகிப்திலிருந்து கிளம்பியவர்களோடு பல ஜாதியான ஜனங்களும் போனார்கள் என்று யாத்திராகமம் சொல்கிறது. மோவாபியப் பெண்ணான ரூத் ‘உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்’ என்கிறாள். மூலத்தில் அது ‘அம்’. உறவுச் சொல்லுக்குள்ளேயே வேற்று நாட்டவள் வாய்ச்சொல்லால் நுழைந்துவிட்டாள். அப்படியிருக்க ‘கோய்’க்குப் போய் இனத்தை ஒட்டுவது எனக்கு உறுத்துகிறது.

கனகம் எழுதியது:

ஐயா, குறளின் சிற்றினம் இரத்தமா? ‘மாந்தர்க்கு இனத்தியல்ப தாகும் அறிவு’ என்கிறார் வள்ளுவர். அங்கே இனம் என்பது சேர்ந்த கூட்டம். பிற்காலத்தில் ஏறிய பொருளுக்காக அச்சொல்லை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

தங்கராசு எழுதியது:

பழைய பொருளைச் சொல்லி இனத்தைக் காக்கலாம் என்றால் நாட்டாரையும் காக்கலாம். மேலும் ஏசாயா 1:4-ஐப் பாருங்கள்: ‘கோய்’ ஒரு தொடரில், ‘அம்’ அடுத்த தொடரில், இரண்டும் ஒரே கூட்டத்தையே கண்டிக்கின்றன. செய்யுளில் இந்தப் பிரிவு நிற்பதில்லை. பாடநூல் அதை ஒரு வரியாவது சொல்ல வேண்டும்.

வளர்மதி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ‘அம்’ – மக்கள், ‘கோய்’ – நாட்டினம் என்று அனுப்புகிறேன். முதலில் வரும் இடத்தில் எபிரேயச் சொல்லையும் தமிழெழுத்தில் தருவேன். ஏசாயா பற்றிய வரியை ஆசிரியரிடம் கேட்டுச் சேர்க்கிறேன். நாட்டாருக்குப் பெரும்பான்மை இல்லை.

தங்கராசு எழுதியது:

ஏற்கவில்லை, ஆனால் வெள்ளிக்கிழமையை மதிக்கிறேன். பிற்கால யூத வழக்கில் ‘கோய்’ யூதரல்லாத தனி ஆளையும் குறிக்கும். அந்த இடம் வந்தால் ‘ஒரு நாட்டினம் வந்தான்’ என்று எழுதுவீர்களா, அம்மா? ‘ஒரு நாட்டார்’ என்றாலும் நிற்காது என்பது எனக்குத் தெரியும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.