பழைய ராணுவத் துப்பாக்கி அருங்காட்சியகம்: எதைப் பார்ப்பது?

அடுத்த வாரம் போகிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக வைத்திருந்தால் எனக்கு எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும். எதைக் கவனிக்கலாம்?

பதில் 1: விசைப் பக்கம் பாருங்க. வெடிமருந்தைப் பற்றவைக்க முதலில் எரியும் திரி, அப்புறம் சிக்கிமுக்கிக் கல், 19ஆம் நூற்றாண்டில் அடித்தால் பொறி தெறிக்கும் சின்னச் செம்புத் தொப்பி. கல் நழுவாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு தோல் துண்டு வைத்து இறுக்கியிருப்பார்கள், சில துப்பாக்கிகளில் அது இன்னமும் இருக்கும்.

பதில் 2: குழல் வாயையும் பாருங்க. பிரவுன் பெஸ் என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியில் 0.75 அங்குலம், உள்ளே வழவழப்பு, அதனால் குறி சுமார்தான். பின்னால் வந்த 1853 என்ஃபீல்டு துப்பாக்கியில் 0.577 அங்குலம், உள்ளே மூன்று பள்ளங்கள் சுருண்டு ஓடும், குண்டு சுழன்றுகொண்டே போகும்.

பதில் 3: ஃபிளாஷ் வேண்டாம், படத்தில் கண்ணாடியில் பட்ட வெளிச்சம்தான் விழும்.

சரி, டார்ச் எடுத்துப் போகலாமா?

பதில் 2: வாசலில் கேட்டுக்கோங்க.