பழைய டிவியில் வரும் புள்ளி பெருவெடிப்பின் மிச்சமா?

லயத்துப் பையன், சுங்கை சிப்புட்:
அப்பாவின் லயத்து வீட்டைக் காலி செய்தபோது பழைய பெட்டி டிவி கிடைத்தது. 2019இல் அனலாக் ஒளிபரப்பு நின்றதிலிருந்து யாரும் தொடாதது. ஏரியலைச் செருகிப் போட்டேன். பொரி வெடிக்கிற மாதிரி சத்தம், திரை முழுக்கப் புள்ளி. படிவம் ஐந்து படிக்கும் மகள், "இதில கொஞ்சம் பெருவெடிப்புல இருந்து வருதுப்பா" என்கிறாள். சரி, இருக்கட்டும். ஆனால் பிரபஞ்சம் தொடங்கிய அந்தப் பெருவெடிப்பு நடந்து 1380 கோடி ஆண்டு ஆகிறதே! அப்போது கிளம்பிய ஒளி நம்மைத் தாண்டி எப்போதோ போயிருக்க வேண்டாமா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நல்ல கேள்வி தம்பி. பெருவெடிப்பை ஒரு மூலையில் வெடித்த பட்டாசாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. அது எல்லா இடத்திலும் நடந்தது.

தீபாவளி விடியலில் எல்லா லயத்திலும் ஒரே நொடியில் ஒரு வெடி போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் லயத்துச் சத்தம் உடனே கேட்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மூன்றாம் டிவிஷன் சத்தம் மூன்று விநாடி கழித்து வரும். தோட்டத்துக்கு எல்லையே இல்லையென்றால்? எப்போது காது கொடுத்தாலும், இன்னும் தூரத்து லயம் ஒன்றின் வெடி அப்போதுதான் வந்து சேரும். இந்த ஒளியும் அப்படித்தான்.

இன்னொன்று. முதல் 3,80,000 ஆண்டுகள் பிரபஞ்சம் ஒரே பனிமூட்டம். பால்மரக் காட்டில் விடியற்காலை டார்ச் அடித்தால் வெளிச்சம் நாலடி தாண்டாதே, அந்த மாதிரி. கட்டில்லாமல் அலைந்த எலக்ட்ரான்கள் ஒளியைச் சிதறடித்தன. வெப்பம் சுமார் 3000 கெல்வினுக்கு இறங்கியதும் அவை அணுக்களில் ஒட்டிக்கொண்டன, மூட்டம் விலகியது. அன்று கிளம்பிய ஒளி வெளியோடு சேர்ந்து சுமார் 1100 மடங்கு நீண்டு, இன்று 2.7 கெல்வினில் நுண்ணலையாக வருகிறது.

1992இல் கோபி (COBE) செயற்கைக்கோள் அந்த ஒளியின் வெப்பத்தில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏற்ற இறக்கம் இருப்பதைக் காட்டியது. அந்தச் சின்ன மேடுபள்ளம்தான் பிறகு விண்மீன் மண்டலங்கள் ஆனது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ரிப்பேர்காரன்:
1964இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதே இரைச்சலோடு மல்லுக்கட்டினார்கள். ஆண்டெனாவுக்குள் புறா கூடு கட்டியிருந்தது. எச்சத்தைக் கழுவிப் பார்த்தும் இரைச்சல் போகவில்லை. எந்தத் திசையில் திருப்பினாலும் அதே அளவு. 1978இல் நோபல் பரிசு. கழுவின வேலைக்குத் தனியாகக் கொடுத்தார்களா என்றுதான் கேட்கத் தோன்றும்.

லயத்துப் பையன்:
வாத்தியாரே, அந்த வெடி உதாரணத்தில் புரிந்துவிட்டது. ஆனால் ஏரியலைப் பிடுங்கிவிட்டும் பார்த்தேன். புள்ளி அப்படியேதான் இருக்கிறது!

ரிப்பேர்காரன்:
இருக்கும் அண்ணே. பெருவெடிப்பின் பங்கு நூற்றில் ஒன்றுதான். மீதியில் பெரும்பங்கு பெட்டியே போடுகிற இரைச்சல். கண்ணால் பிரிக்க முடியாது. பென்சியாஸும் வில்சனும்கூட திரவ ஹீலியத்தில் குளிர வைத்த ஒரு கருவியோடு மாற்றி மாற்றி ஒப்பிட்டுத்தான் பிரித்தார்கள்.