பழைய வேர்ட் கோப்பிலிருந்து இபப் 3: தலைப்பு, மொழிக்குறி, பக்க எண் மூன்றிலும் சிக்கல், உதவி தேவை

அல்சூர்_பதிப்பு:

வணக்கம். 2009ல் அச்சில் வந்த கட்டுரைத் தொகுப்பு ஒன்றை மறுபடி இபப் 3 வடிவ மின்னூலாகக் கொண்டுவர வேண்டும். 240 பக்கம், 11 கட்டுரை, 6 படம். நடுநடுவே கன்னட எழுத்திலேயே மேற்கோள்கள் வரும். பெங்களூர்ப் பொருள் என்பதால் அவற்றை எடுக்க முடியாது. கையில் இருப்பது டிடிபிக்குப் போன வேர்ட் கோப்பும், அதிலிருந்து காலிபர் மென்பொருள் வழியாகச் செய்த இபப் 2ம்.

இப்போது சிகில் 2 என்ற இபப் திருத்தும் மென்பொருளுக்கு மாறியாயிற்று. புத்தக விவரம் இருக்கும் ஓபிஎஃப் கோப்பில் வெர்ஷன் 2.0 என்பதை 3.0 ஆக்கிவிட்டு இபப்செக் 5 சரிபார்ப்புக் கருவியில் ஓட்டினால் டிசிடெர்ம்ஸ் மாடிஃபைடு (மாற்றிய தேதி) இல்லை, நேவ் (உள்ளடக்கப் பட்டியல்) இல்லை என்று வரிசையாகப் பிழை. டெய்சி அமைப்பின் அணுகல்தன்மைச் சோதனைக் கருவியான ஏஸ், மொழி குறிப்பிடவில்லை, படத்துக்கு மாற்று உரை (படத்தை விவரிக்கும் வரி) இல்லை என்கிறது. தோரியம் வாசிப்பு மென்பொருளில் திறந்து, என்விடிஏ திரைவாசிப்பானில் தலைப்புக்குத் தாவும் எச் விசையை அழுத்தினால் 'தலைப்பு இல்லை'. ஒரு கட்டுரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக வாசிக்கப்படுகிறது. 'கௌரவம்' வரும் இடமெல்லாம் 'கெ', 'ளரவம்' என்று உடைகிறது. எங்கிருந்து தொடங்குவது?

விவேக்நகர்_வடிவமைப்பு:

சார், வெர்ஷன் எண்ணை மாற்றினால் இபப் 3 ஆகாது. இபப் 3க்கு நேவ் ஆவணம் கட்டாயம். மாற்றிய தேதி ஒரே ஒரு முறை, உலக நேரத்தில், கடைசியில் இசட் எழுத்தோடு இருக்க வேண்டும். சிகிலில் இபப்3-ஐடைசர் செருகி இரண்டையும் செய்துகொடுக்கும். காலிபரின் எடிட் புக்கில் உள்ள 'அப்கிரேட் புக் இன்டர்னல்ஸ்' கட்டளையும் செய்யும். ஆனால் உங்கள் நிலைமையில் அந்த இபப்பை விட்டுவிடுங்கள். தலைப்பு எல்லாம் தடித்த பத்தியாகத்தான் அதில் இருக்கும், வடிவ வகுப்புப் (கிளாஸ்) பெயர்கள் காலிபர்1, காலிபர்2 என்று ஓடும். வேர்டுக்கே திரும்புங்கள். அங்கே அரை நாள் உட்கார்ந்தால் சிகிலில் ஒரு வாரம் மிச்சம்.

முதலில் அந்தக் குப்பைக் கட்டுரை. அது யூனிகோடில் இல்லை. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. திரையில் தமிழாகத் தெரிவது எழுத்துருவால்தான், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. கோப்பில் எழுத்துருப் பெயரைப் பார்த்துக்கொண்டு, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் அதே குறிமுறையைத் தேர்ந்து மாற்றுங்கள். வெற்று உரையாக மாறுவதால் சாய்வும் தடிப்பும் போய்விடும், அச்சுப் படியை வைத்து மறுபடி போட வேண்டும். இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறித் தொலையும். அவற்றைத் தனியே பிடியுங்கள்.

பிறகு ஸ்டைல். ஒரு கட்டுரைத் தலைப்பில் கர்சரை வைத்து, ஹோம் பட்டையில் செலக்ட் என்பதன் கீழ் 'செலக்ட் டெக்ஸ்ட் வித் சிமிலர் ஃபார்மேட்டிங்' கொடுங்கள். அதே வடிவில் உள்ளவை எல்லாம் ஒன்றாகத் தேர்வாகும். கன்ட்ரோல்-ஆல்ட்-1 அழுத்தினால் ஹெடிங் 1. உட்தலைப்புகளுக்கு இதேபோல் 2. நேவிகேஷன் பேனில் 11 கட்டுரையும் வரிசையாகத் தெரிகிற வரைக்கும் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். ஹெடிங் 1லிருந்து 3க்குத் தாவினால் ஏஸ் சொல்லிக்காட்டும்.

ஸ்டைலில் அளவை மாற்றியும் தமிழ் எழுத்து அசையவில்லை என்றால் பயப்பட வேண்டாம். வேர்ட் தமிழைக் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்டாக எடுத்துக்கொள்கிறது. அதற்கு எழுத்துரு, அளவு, தடிப்பு எல்லாம் தனி. மாடிஃபை ஸ்டைல் பெட்டியில் லத்தீன் என்று இருப்பதைக் காம்ப்ளெக்ஸ் என்று மாற்றிவிட்டு அளவு கொடுங்கள். லிப்ரே ஆஃபிஸிலும் இதே கதை, அங்கே சிடிஎல் எழுத்துரு என்று இருக்கும்.

கன்னட மேற்கோளுக்குத் தனியாக ஒரு கேரக்டர் ஸ்டைல் உண்டாக்கிப் பூசிவிடுங்கள். பின்னால் மொழிக்குறி போட அதுதான் கைப்பிடி. பேன்டாக் என்ற கோப்பு மாற்றும் கருவியில் மாற்றுவதானால் உள்ளீட்டு வடிவத்தோடு 'ஸ்டைல்ஸ்' நீட்சியைச் சேர்த்தால் அந்தப் பெயர் எச்டிஎம்எல் வரைக்கும் வந்து சேரும். விண்டோஸில் வேர்டுக்குள்ளிருந்தே செய்ய டெய்சியின் இலவச வேர்ட்-டு-இபப் இருக்கிறது. எது எடுத்தாலும் மொழி தமிழ் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

ராமமூர்த்திநகர்_திரைவாசிப்பு:

மொழிக்குறி பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன், கேட்கிறவங்களுக்கு இதுதான் உயிர்நாடி. ஓபிஎஃப்ல தமிழ்னு போட்டா போதாது, ஒவ்வொரு எக்ஸ்எச்டிஎம்எல் கோப்போட எச்டிஎம்எல் உறுப்புலயும் லேங், எக்ஸ்எம்எல்-லேங்ங்கற மொழிப் பண்பு ரெண்டும் ஒரே மதிப்போட வரணும். தமிழுக்கு டிஏ, கன்னடத்துக்கு கேஎன், ஆங்கிலத்துக்கு இஎன்.

என்விடிஏல பேச்சு அமைப்புக்குப் போய்த் தானியங்கி மொழி மாற்றத்தை ஆன் பண்ணிட்டு, இஸ்பீக் என்ஜி குரலை வச்சுச் சோதிங்க. அதுல தமிழும் கன்னடமும் ரெண்டும் இருக்கு. குறி சரியா இருந்தா மேற்கோள் வர்ற இடத்துல குரல் தானா மாறும்.

ஒண்ணு கவனிக்கணும். கன்னடச் சொல்லைத் தமிழ் எழுத்துல எழுதியிருந்தா, உதாரணத்துக்கு 'நமஸ்கார', 'ஊட்டா ஆய்த்தா', அதுக்குக் கன்னடக் குறி போடாதீங்க. கன்னடக் குரல் கையில தமிழ் எழுத்தைக் கொடுத்த மாதிரி ஆயிடும். தமிழ்க் குரலே அதை நல்லாச் சொல்லும்.

'கௌரவம்' உடையறதுக்குக் காரணம் ஔகாரக் குறி வர வேண்டிய இடத்துல ஒற்றைக்கொம்பும் ளகரமும் தனித்தனியா இருக்கறது. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுபோலத் தெரியும், தேடினா கிடைக்காது, காதுல உடையும். யூனிகோடு என்எஃப்சி சமன்படுத்தல் கொம்பும் காலும் பிரிஞ்ச 'கொ', 'கோ'வைச் சேர்த்துடும், ஆனா இதைத் திருத்தாது. 'ெள'வைத் தேடி மொத்தமா மாத்திடவும் கூடாது. வெளி, வெள்ளம், தெளிவு எல்லாம் நாசமாயிடும். சிகில்ல ரீஜெக்ஸ் (வடிவத்தை வச்சுத் தேடற) முறையில இதைத் தேடுங்க:

ெள(?![ாிீுூெேைொோௌ்])

அதாவது ளகரத்துக்குப் பின்னால புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடம் மட்டும். மாற்றா ௌ கொடுங்க. மௌனம், பௌர்ணமி, சௌந்தர்யம் எல்லாம் சரியாகும். 'ஒளவை'யை 'ஔவை' ஆக்கவும் இதே வழி, தேடறதுல கொம்புக்குப் பதிலா ஒ போட்டு, மாற்றா ஔ கொடுத்தா போதும். ரிப்ளேஸ் ஆல் வேண்டாம், ஒவ்வொண்ணாப் பார்த்து மாத்துங்க.

அல்சூர்_பதிப்பு:

ரீஜெக்ஸ் அருமையாக வேலை செய்தது, நன்றி மேடம். தலைப்புகளும் நேவில் வந்துவிட்டன. மூன்று கேள்வி பாக்கி. படங்களில் ஒன்று கன்டோன்மென்ட் பகுதியின் பழைய வரைபடம், அதற்கு மாற்று உரை எப்படி எழுதுவது? அச்சுப் பக்க எண் வேண்டும், மாணவர்கள் மேற்கோள் காட்டுவார்கள். பத்தியில் வரிகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன.

விவேக்நகர்_வடிவமைப்பு:

வரி முட்டுவது வேர்டில் 'எக்ஸாக்ட்லி' என்று வைத்த வரி இடைவெளியால். சிஎஸ்எஸ் வடிவக் கோப்பில் பாடி உறுப்புக்கு லைன்-ஹைட் 1.6 என்று அலகில்லாமல் கொடுங்கள். பிடி, பிக்சல் அளவுகளை எடுத்துவிடுங்கள், வாசகர் எழுத்தைப் பெரிதாக்கும்போது அவைதான் தடை. இருபக்கச் சீரமைப்பும் வேண்டாம். தமிழ்ச் சொல் நீளம், கைபேசித் திரையில் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். எழுத்துரு உட்பொதிக்க நோட்டோ செரிஃப் தமிழ் நல்லது, உரிமமும் அனுமதிக்கிறது.

வரைபடத்துக்கு மாற்று உரை ஒரு வரி: 'பெங்களூர் கன்டோன்மென்ட் வரைபடம், அல்சூர் ஏரியும் பரேட் மைதானமும் குறிக்கப்பட்டுள்ளன.' கட்டுரை எந்தச் சாலையைப் பற்றி வாதிடுகிறதோ, அதன் விவரத்தைப் படத்துக்குக் கீழே பத்தியாகவே எழுதிவிடுங்கள், பார்ப்பவருக்கும் பயன்படும். 'படம்3' என்று கோப்புப் பெயரைப் போடுவது மாற்று உரை இல்லை. அலங்காரக் கோடு, பூ வந்தால் மாற்று உரையைக் காலியாக விடுங்கள், பண்பையே நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் சில கருவிகள் கோப்புப் பெயரை வாசிக்கும்.

பக்க எண்: அச்சில் 45ஆம் பக்கம் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஒரு காலி ஸ்பேன். அதற்கு ஒரு ஐடி, இபப்-டைப் பேஜ்பிரேக், ரோல் டாக்-பேஜ்பிரேக், ஏரியா-லேபிள் 45. பக்கம் சொல்லின் நடுவே உடைந்தால் அடுத்த சொல்லுக்கு முன்னால் வையுங்கள். பின் நேவ் கோப்பில் பேஜ்-லிஸ்ட் என்ற இரண்டாவது பட்டியலில் எல்லா எண்ணுக்கும் இணைப்பு. மீத்தரவில் (ஓபிஎஃப்பில் வரும் புத்தக விவரம்) எந்த அச்சுப் பதிப்பின் எண் என்பதற்கு அதன் ஐஎஸ்பிஎன்னைக் குறியுங்கள்.

அல்சூர்_பதிப்பு:

பக்க எண் போட்டதும் இபப்செக், 'இபப்' முன்னொட்டு அறிவிக்கப்படவில்லை என்று கோப்பையே படிக்க மறுக்கிறது. மீத்தரவில் என்னென்ன எழுதுவது?

ராமமூர்த்திநகர்_திரைவாசிப்பு:

அந்தக் கோப்போட எச்டிஎம்எல் உறுப்புல 'இபப்' முன்னொட்டை அறிவிக்கற நேம்ஸ்பேஸ் வரி இல்லை. நேவ் கோப்புல இருக்கும், அங்கிருந்து எடுத்து ஒட்டுங்க.

மீத்தரவை நிரப்ப அக்சஸ்-எய்ட்ங்கற சிகில் செருகி உதவும். அக்சஸ்மோட்ல (உள்ளடக்கம் எந்தெந்த வடிவுல இருக்கு) உரையும் காட்சியும், அக்சஸ்மோட்-சஃபிஷியன்ட்ல (படிக்க எது இருந்தா போதும்) உரை. வசதிகள் பட்டியல்ல உண்மையில இருக்கறதை மட்டும் போடுங்க. 6 படத்துல ஒண்ணுக்கு உரை விட்டுப்போயிருந்தாலும் மாற்று உரை இருக்குன்னு எழுதாதீங்க. அதை நம்பித்தான் ஒருத்தர் காசு கொடுத்து வாங்கறார். இபப் அணுகல்தன்மை 1.1 தரத்துக்கு இணங்குதுங்கற வரியையும், ஏஸ் சுத்தமா வந்தப்புறம் ஒரு கட்டுரையாவது முழுசாக் கேட்டுட்டுத்தான் சேர்க்கணும். படத்துல உரை இருக்கான்னு ஏஸ் சொல்லும், அந்த உரை சரியான்னு அதுக்குத் தெரியாது.

விவேக்நகர்_வடிவமைப்பு:

முடித்த கோப்பை மறுபடி காலிபரில் கன்வர்ட் கொடுக்காதீர்கள், சிஎஸ்எஸ்ஸைத் திருப்பி எழுதிவிடும். பிரித்துத் திருத்தி நீங்களே ஜிப் செய்வதும் வேண்டாம். இது இபப் என்று சொல்லும் மைம்டைப் கோப்பு ஜிப்புக்குள் முதலாவதாக, சுருக்கப்படாமல் இருக்க வேண்டும், சாதாரண ஜிப் கருவி அதைக் கவனிக்காது. ஒரு காற்புள்ளி மாற்றினாலும் சிகிலிலேயே திறந்து சேமித்து, இபப்செக்கை இன்னொரு முறை ஓட்டிவிட்டு அனுப்புங்கள்.