அம்மாவுக்குத் தனி ரேஷன் கார்டு, 35 கிலோ அரிசி கிடைக்குமா?

பள்ளத்தூர் மகள்:
அம்மாவுக்கு 67 வயசு. அப்பா தவறி ஆறு வருஷமாச்சு. பள்ளத்தூர்ல ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கிட்டு, பின்கட்டு அறையிலேயே தனியா இருக்காங்க. வீட்டுக்காரங்க சென்னையில, கல்யாணம், முன்னோருக்குப் படைப்புன்னாதான் வருவாங்க. அம்மா பேரு இன்னும் தேவகோட்டை அண்ணன் கார்டுல இருக்கு. அரிசி அங்கே போயிடுது. அண்ணனைக் குறை சொல்லல, அவருக்கு மூணு பிள்ளைங்க. ஆனா அம்மா கடையில கடன் சொல்லி அரிசி வாங்குறதைப் பார்த்துட்டு வந்ததுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல.

தனிக் கார்டுக்கு ஆன்லைன்ல போட்டோம், நிராகரிச்சுட்டாங்க. கேட்கப் போன இடத்துல "மகன் இருக்காருல்ல"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கரண்ட் பில், வீட்டு வரி ரசீது எல்லாமே வீட்டுக்காரங்க பேர்ல. 35 கிலோ கார்டுன்னு சொல்றாங்களே, அது எப்படி வாங்குறது?

எடைபோட்டவன், காரைக்குடி:
தங்கச்சி, ரேஷன் கடையில விற்பனையாளரா இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதல்ல அண்ணன் கார்டுலேர்ந்து அம்மா பேரை நீக்கணும். ஒரே ஆதார் ரெண்டு கார்டுல ஏறாது. உங்க மனு அங்கேதான் நின்னிருக்கும். அண்ணன் போன் நம்பருக்குத்தான் ஓடிபி வரும், அதனால அவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இ-சேவை மையத்துல போடுங்க. நீக்கினது உறுதியான பிறகு புது மனு. அதுல அரிசி அட்டைன்னு தேர்ந்தெடுங்க, சர்க்கரை அட்டைன்னு மாத்திப் போட்டுடாதீங்க.

விலாசத்துக்கு வரி ரசீதுதான் வேணும்னு இல்லை. ஆதார்லயோ வாக்காளர் அட்டையிலயோ பள்ளத்தூர் விலாசம் இருந்தாப் போதும். பேங்க் பாஸ்புக் முதல் பக்கம்கூட ஆகும்.

35 கிலோங்கிறது அந்தியோதயா. கார்டுல பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். னு போட்டிருக்கும். ஒரே ஆள் இருந்தாலும் 35 கிலோதான், அரிசிக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆதரவில்லாத விதவை, 60 வயசு தாண்டி வருமானம் இல்லாதவங்க, மாற்றுத்திறனாளி, தீராத நோயாளி இவங்களுக்கானது. மனுவுல அதைக் கேட்டு வாங்க முடியாது. கார்டு வந்ததும் அப்பாவோட இறப்புச் சான்றிதழை வச்சு, வட்ட வழங்கல் அலுவலர்கிட்ட தனியா எழுதிக் கொடுக்கணும். இரண்டாம் சனிக்கிழமை குறைதீர் முகாம் நடக்கும், அங்கே கொடுத்து ரசீது வாங்கிக்கங்க. எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, உடனே கிடைச்சிடும்னு நான் சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் சாதாரண அரிசி கார்டு கையில இருக்கட்டும். அதுக்கும் அரிசி இலவசம்தான், 2011 ஜூன்லேர்ந்து.

கோட்டையூர் ஆச்சி:
விசாரணைக்கு ஆள் வரும்போது தனி அடுப்பு இருக்கான்னுதான் பார்ப்பாக. எங்க பக்கம் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனா அதே வீட்டுக்குள்ளேயே தனிக்குடித்தனமா வேறு வச்சுருவோம். கூரை ஒண்ணு, உலை ரெண்டு. இது இங்கே புதுசு இல்லை. அம்மா அறையில அடுப்பு, அரிசிப்பானை, பாத்திரம் எல்லாம் கண்ணுக்குத் தெரியிற மாதிரி இருக்கட்டும். வீட்டுக்காரங்ககிட்ட, "இவங்க எங்க வீட்டுல குடியிருக்காங்க, தனியாச் சமைக்கிறாங்க"ன்னு ஒரு கடுதாசி வாங்கி வைங்க. எங்க வீட்டுல இருக்கவுகளுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கேன். வீட்டைக் காக்குறவுகளுக்கு அதுகூடச் செய்யலேன்னா எப்படி?

பள்ளத்தூர் மகள்:
அண்ணன்கிட்ட பேசிட்டேன். உடனே சரின்னுட்டாரு, ஞாயித்துக்கிழமை வர்றாரு. ஆச்சி, கடுதாசிக்கு வீட்டுக்காரங்களும் ஒத்துக்கிட்டாங்க. இன்னொண்ணு: அம்மாவுக்கு ஆதார் எடுக்கும்போதே கைரேகை விழலை, பாத்திரம் தேய்ச்சே ரேகை போயிடுச்சு. கடையில என்ன பண்றது?

எடைபோட்டவன், காரைக்குடி:
கண் கருவிழியை வச்சு எடுக்கிற மெஷின் வந்திருக்கு, அதைக் கேளுங்க. நடக்க முடியாத நாள் வந்தா, அவங்களுக்குப் பதிலா வாங்க ஒரு ஆளை நியமிக்கிற படிவம் கடையிலேயே கிடைக்கும். யாராவது இல்லைன்னு சொன்னா 1967ங்கிற ரேஷன் புகார் எண்ணுக்குப் போன் அடிச்சுச் சொல்லுங்க. அம்மாவை வெறுங்கையோட மட்டும் திரும்ப விட்டுடாதீங்க.