ஈசிஜி கோடு தடிச்சு வருது, வாட்டில மட்டும். உதவி வேணும்

கேள்வி: புதுப் பயோமெடிக்கல், திருகோணமலை
வணக்கம். கம்பஸ் முடிச்சு ஆஸ்பத்திரி மெஷின் பாக்கிற வேலைக்கு வந்து கொஞ்சக் காலந்தான். மெடிக்கல் வாட்டில ஒரு 12 லீட் ஈசிஜி மெஷின், இதயத்தின்ர மின்னை 12 கோணத்தில (லீட்) பேப்பரில கோடாக் கீறிறது. எல்லா லீட்டிலயும் கோடு தூரிகையால இழுத்த மாதிரித் தடிச்சு விழுது. துடிப்பின்ர தொடக்கத்தில வாற சின்ன மேடு, பி அலை, தெரியேல்லை எண்டு டொக்டர் திருப்பி அனுப்பிட்டார். வேர்க்‌ஷொப்பில சிமுலேட்டர் (பொய்த் துடிப்புச் சிக்னல் குடுக்கிற பெட்டி) போட்டா ஒரு குறையும் இல்லை. வாட்டுக்குக் கொண்டு போனா திரும்ப அதே கோடு. "பில்டரைப் போட்டுத் தாங்கோ தம்பி, சனம் காத்துக்கொண்டிருக்கு" எண்டு நேர்ஸ் மிஸ் கேக்கிறா. அவவின்ர அவசரம் விளங்குது. ஆனா அப்பிடியே விட மனம் வரேல்லை. எங்க இருந்து தொடங்க?

பதில்: மட்டக்களப்பு அண்ணர்
பில்டரைத் தொடாதையும் தம்பி. 40 ஹேர்ட்ஸுக்கு மேல வெட்டிற பில்டர் போட்டா இரைச்சலோட சேர்ந்து கியூஆர்எஸ் எண்ட பெரிய அலையின்ர கூரும் மழுங்கும். டயக்னொஸ்டிக் ஈசிஜிக்கு 150 ஹேர்ட்ஸ் வரைக்கும் வேணும்.

முதல்ல அந்தப் பேப்பரை எடுத்து எண்ணும். 25 மில்லிமீற்றர் வேகத்தில ஒரு பெரிய கட்டம் 0.2 செக்கன். அதுக்குள்ள சீரா 10 கூர் இருந்தா 50 ஹேர்ட்ஸ், கரண்டால வாறது. ஒழுங்கில்லாமக் கிறுக்கினா பெரும்பாலும் நோயாளி நடுங்கிறார், குளிரெண்டாப் போர்வை குடுத்தாலே சரியாகும். அடுத்தது, பிளக்கைக் கழட்டிப் போட்டு பற்றரியில ஒருக்கா எடுத்துப் பாரும்.

கேட்டவர்:
எண்ணினன் அண்ணா, சரியா 10. பற்றரியில நல்லாக் குறையுது, முழுசாப் போகேல்லை.

பதில்: மூதூர் எலக்ட்ரீஷியன்
சுவரில என்ன சொக்கெட்? பழைய கட்டடமெண்டா 15 அம்பியர் உருண்டைப் பின்னாத்தான் இருக்கும். மெஷினில 13 அம்பியர் சதுரப் பின். நடுவில அடப்டர் இருந்தா அதைத்தான் முதல்ல சந்தேகப்படுவன். மலிவான அடப்டர் சிலதில எர்த் பின் சும்மா பேருக்குத்தான், உள்ளுக்க தொடுப்பே இருக்காது.

பதில்: மட்டக்களப்பு அண்ணர்
அவர் சொல்லிறது கோட்டை விடப் பெரிய விசயம். எர்த் இல்லாட்டி மெஷின்ர கசிவு மின்னோட்டம் எலக்ட்ரோட் வழியா ஆளுக்குள்ள போகப் பாக்கும். ஐஈசி 60601 பாதுகாப்புத் தரம் சிஎப் வகைக்கு (இதயத்தோட நேர தொடுக்கக்கூடியது), எல்லாம் சரியா இருக்கேக்க விடுறதே 10 மைக்ரோ அம்பியர்தான். மல்டிமீட்டர் பீப் அடிச்சதை நம்பாதையும், வயரில ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அது பீப் அடிக்கும். எர்த்தையும் கசிவையும் அளக்கிற சேப்டி அனலைசரில அளந்து எழுதி வையும். சுவர் எர்த்தை எலக்ட்ரீஷியன் பாக்கட்டும்.

கேட்டவர்:
அடப்டர்தான்! எர்த் பக்கம் முழுசாத் திறந்து கிடந்தது. சுவர் எர்த் நல்லம், மெஷின்ர அளவும் நல்லம். எர்த் உள்ள சொக்கெட்டில குத்தினா மூண்டாம் லீட் சுத்தம். ஒண்டிலயும் இரண்டிலயும் மட்டும் இன்னும் மெல்லிய இரைச்சல். நெஞ்சில வைக்கிற வி லீட்டுகளிலயும் கொஞ்சம்.

பதில்: மட்டக்களப்பு அண்ணர்
அப்ப வலது கையின்ர சிவப்பு வயர்தான். முதலாம் லீட் வலது கைக்கும் இடது கைக்கும் நடுவில, இரண்டாவது வலது கைக்கும் இடது காலுக்கும் நடுவில. மூண்டாவதுக்கு வலது கையே வேண்டாம், அதுதான் அது சுத்தம். வி லீட்டுகளுக்கு மூண்டு அவயவத்தின்ர சராசரிதான் அடிப்படை, அதால அங்கயும் கசியுது. வலது காலின்ர கறுப்பு வயர் கெட்டிருந்தா எல்லாத்திலயும் வந்திருக்கும். சிவப்புக் கிளாம்பின்ர தகட்டைத் திருப்பிப் பாரும்.

கேட்டவர்:
தகட்டுக்கும் வயர் முனைக்கும் நடுவில பச்சைக் களிம்பு, நகத்தால சுரண்டினா மாவா உதிருது. உப்புக் காத்து ஜன்னலால நேர அடிக்கிற இடம். துடைச்சும் தகட்டில குழி விழுந்திருந்ததால கிளாம்பையே மாத்தினன். கோடு அருமை, பில்டர் இல்லாமலே பி அலை தெரியுது. டொக்டர் பாத்து ஏற்றுக்கொண்டார். மற்ற வாட்டுகளிலயும் இதே அடப்டர்தான் கிடக்கு. சொக்கெட் மாத்தும் வரைக்கும் என்ன செய்ய?

பதில்: மூதூர் எலக்ட்ரீஷியன்
எல்லாத்தையும் இண்டைக்கே சேர்த்து எடுங்கோ. எந்தக் கட்டில், எந்தச் சொக்கெட் எண்டு எழுதிப் பணிப்பாளருக்குக் கடிதம் குடுங்கோ. அதுவரைக்கும் ஈசிஜியை எர்த் உள்ள இடத்தில சார்ஜ் போட்டு, பற்றரியில எடுக்கச் சொல்லுங்கோ. மிஸ்மாருக்குக் காரணத்தையும் சொல்லுங்கோ, இல்லாட்டி பின்னேரமே புது அடப்டர் வாங்கி வந்திடுவினம்.